குடும்பமும் சட்டமும்: கையெழுத்துக் கேட்டு வரும் பத்திரம்

வெளியூர்களில் குடித்தனம் செய்யும் நம்மவர் வீடுகளுக்குச் சொந்த ஊரிலிருந்து வரும் தபால்களிலே கலியாணப் பத்திரிகை ஒன்று, குலதெய்வக் கோயில் வரி கேட்டு வரும் கடிதம் ஒன்று. இவ்விரண்டையும் விட்டால் மூன்றாவதாக வருவது ஒரு பத்திர நகல். தகப்பனார் காலமாகித் தலைத்திவசம் முடிந்த கையோடு அது வந்து சேரும். "அக்கா, இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடவும். பட்டா மாற்றுவதற்கு வேண்டியிருக்கிறது" என்று தம்பி ஒரு வரி எழுதியிருப்பார். மாதுங்காவிலோ கரோல்பாகிலோ இருக்கும் தமக்கை, அடுப்பிலிருந்த குழம்பை இறக்கிவிட்டு வந்து, படித்தும் படியாமலும் கையெழுத்திட்டு விடுகிறார். அந்தக் காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம் என்பதும், விடுவிக்கப்படுவது தமது பாகமே என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பதை இம்மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம். பாராளுமன்றம் ஒரே நாளில் கொடுத்தது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அதற்கு வழி திறந்தவை ராஜ்ய சட்டசபைகளே. வாரிசுரிமை, கூட்டுக் குடும்பம், பாகப்பிரிவினை ஆகியவை நமது அரசியல் சட்டத்தில் பொதுப் பட்டியலில் உள்ளவை. மத்திய சர்க்காரும் சட்டம் செய்யலாம். ஜனாதிபதியின் சம்மதம் பெற்று ராஜ்யங்களும் அதைத் திருத்தலாம். இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மையும் உண்டு, குழப்பமும் உண்டு. ஒரு ராஜ்யத்தில் பிறந்து வேறொரு ராஜ்யத்தில் வாழும் நம் போன்றோர் இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் 1956-ஆம் ஆண்டுக்குப் போவோம். அவ்வாண்டு ஜூன் 17-ஆம் தேதி ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. டாக்டர் அம்பேத்கர் சட்ட மந்திரியாக இருந்தபோது வாதாடிய ஹிந்து சட்டத் தொகுப்பு மசோதா, பிறப்பினால் ஆண்களுக்கு மட்டும் வரும் கூட்டுக் குடும்ப உரிமையையே எடுத்துவிட நினைத்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. மசோதா நிறைவேறாத நிலையில் 1951-இல் அவர் பதவியைத் துறந்தார். பின்னர் துண்டு துண்டாக நிறைவேறிய சட்டங்களில் ஒன்றே 1956-ஆம் ஆண்டுச் சட்டம். தகப்பனாரின் சுயார்ஜிதச் சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்கும் மகளுக்கும் விதவைக்கும் தாயாருக்கும் சமபாகம் என்று அது விதித்தது. பெரிய மாறுதல்தான். ஆனால் பிதுரார்ஜிதத்தில், அதாவது பரம்பரையாகப் பாகம் பிரியாமல் வரும் குடும்பச் சொத்தில், மகனுக்குப் பிறப்புரிமை. மகளுக்கு அது கிடையாது.

இதன் பலன் என்னவென்பதைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். முப்பாட்டன் காலம் முதல் பாகம் பிரியாத 12 மா நஞ்சை ஒரு குடும்பத்துக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார், ஒரு மகன், ஒரு மகள். தாயார் முன்னமே காலமாகிவிட்டார். தகப்பனார் 1970-இல் இறக்கிறார். சட்டம் அவர் இறப்பதற்கு ஒரு கணம் முன்பாகத் தகப்பனுக்கும் மகனுக்கும் பாகம் நடந்ததாகப் பாவித்துக்கொள்ளும். தகப்பனுக்கு 6 மா, மகனுக்கு 6 மா. பிறகு தகப்பனுடைய 6 மாவை மகனும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்வர். ஆகவே மகனுக்கு 9 மா, மகளுக்கு 3 மா. வீட்டின் கதையோ இன்னும் மோசம். குடும்பத்தார் வசிக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ளும் வரையில் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. அங்கே வந்து தங்குவதற்குக்கூட, மணமாகாதவராகவோ, கணவனால் கைவிடப்பட்டவராகவோ, கணவனைப் பிரிந்தவராகவோ, விதவையாகவோ இருந்தால்தான் உரிமை. நன்றாக வாழும் மகளுக்குப் பிறந்த வீட்டில் விருந்தாளி ஸ்தானம் மட்டுமே.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் செய்திருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டுச் சட்டசபை அதைச் சட்டமாக்கியது. அதற்குச் சற்று முன்னால் ஆந்திரம் வழிகாட்டியிருந்தது. கேரளம் 1976-இல் கூட்டுக் குடும்ப முறையையே எடுத்துவிட்டது. அது வேறு வழி. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. மகனைப் போலவே மகளுக்கும் பிதுரார்ஜிதத்தில் பிறப்பினாலேயே உரிமை என்று அது கூறிற்று. மேலே சொன்ன கணக்கில் தகப்பன், மகன், மகள் மூவருக்கும் 4 மா வீதம் வரும். தகப்பனுடைய 4 மாவும் பிரிந்தபின் மகனுக்கு 6, மகளுக்கு 6. மூன்று ஆறாயிற்று.

ஆனால் அந்தச் சட்டம் ஒரு கோட்டையும் கிழித்தது. சட்டம் வருவதற்கு முன்பே மணமாகிப் போன மகளுக்கு இவ்வுரிமை இல்லை. ஒரே வீட்டில் இரு சகோதரிகள்: மூத்தவளுக்கு 1989 தை மாதத்தில் கலியாணம், இளையவளுக்கு அதே ஆண்டு வைகாசியில் கலியாணம். இளையவளுக்குப் பிறப்புரிமை உண்டு, மூத்தவளுக்கு இல்லை. முகூர்த்த நாள் பார்த்த ஜோசியர் சொத்துக் கணக்கையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும் போலும்! வழக்குகள் பெருகிவிடும், தீர்ந்துபோன விவகாரங்கள் மறுபடி கிளம்பும் என்ற அச்சமே இந்தக் கோட்டுக்குக் காரணம் என்பர். அச்சம் நியாயமாக இருக்கலாம். அதற்கான விலையை மகள்கள் மட்டுமே கொடுத்தது எவ்விதத்தில் நியாயம் என்று எமக்கு விளங்கவில்லை.

வெளியூர்வாசிகளுக்கு இன்னொரு கோடும் இருந்தது. அது ராஜ்ய எல்லை. அசையாச் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ராஜ்யத்தின் சட்டமே அதற்குப் பொருந்தும் என்பது பொது விதி. மகாராஷ்டிரத்தில் இத்தகைய திருத்தம் 1994 ஜூன் 22-இல்தான் வந்தது. அதிலும் அதற்கு முன் மணமானவர்கள் விலக்கப்பட்டார்கள். கர்நாடகமும் அதே ஆண்டில் செய்தது. டில்லியிலோ அப்படிப்பட்ட சட்டமே இல்லை. ஆகவே டில்லியில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெண்ணுக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்ப நிலத்தில் 1989 முதல் பிறப்புரிமை. அதே குடும்பத்துக்கு டில்லியில் கூட்டுச் சொத்தாக வீடு இருந்தால் அதில் 2005 வரையில் இல்லை. தகப்பனும் ஒருவரே, மகளும் ஒருத்தியே. ரயிலில் இரண்டு இரவு பிரயாணத்துக்குள் உரிமை மாறிவிட்டது.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்து அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்காளத்தில் வழங்கும் தாயபாக முறையில் மகனுக்கும் பிறப்புரிமை இல்லை; தகப்பன் இறந்த பிறகே வாரிசுரிமை. அங்கே தலைமுறையாக வாழ்வதால் நமக்கும் அதுவே பொருந்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. இடம் பெயர்ந்த ஹிந்துக் குடும்பம் தன் சொந்த மிதாக்ஷர முறையைக் கூடவே கொண்டு சென்றதாகவே கோர்ட்டுகள் கொள்ளும். மாற்றிக்கொண்டோம் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

இந்த நாலு ராஜ்யத் திருத்தங்களையும் ஆராய்ந்த சட்டக் கமிஷன் 2000-ஆம் ஆண்டில் தன் 174-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. அதன்பின் பாராளுமன்றம் செய்த திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல் அமலுக்கு வந்தது. மகளுக்குப் பிறப்பினாலேயே மகனுக்கு ஒப்பான உரிமை. மணமானவள், மணமாகாதவள் என்ற பேதம் இல்லை. வீட்டில் பாகம் கேட்கக் கூடாது என்ற பழைய பிரிவும் நீக்கப்பட்டது. 1989 தையில் மணமான நம் மூத்த சகோதரிக்கும் வாசல் திறந்தது. எனினும் அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பதில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகளே ஒன்றுக்கொன்று மாறுபட்டன. 2015-இல் வேண்டும் என்றது ஒரு தீர்ப்பு. 2020 ஆகஸ்டு 11-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கூடி, வேண்டியதில்லை என்று முடிவு சொன்னார்கள். உரிமை பிறப்பினால் வருவது. தகப்பன் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் அது அழியாது.

ஒரு விலக்கு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பத்திரத்தினாலோ கோர்ட்டுத் தீர்ப்பினாலோ பாகம் நடந்திருந்தால், அல்லது சொத்து விற்கப்பட்டிருந்தால், அதை இப்போது கலைக்க முடியாது. "வாய்மொழியாக அப்போதே பிரித்துக்கொண்டோம்" என்று இன்று சொல்வதைக் கோர்ட்டு எளிதில் ஏற்காது. சர்க்கார் தஸ்தாவேஜுகள் அதற்கு ஆதாரமாக இருந்தால் மட்டுமே, அபூர்வமாக, ஏற்கும்.

தாத்தா சொத்து என்றாலே பிதுரார்ஜிதம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1956-க்குப் பின் தாத்தா உயிலின்றி இறந்து, அவருடைய சொந்தச் சொத்திலிருந்து தகப்பனாருக்கு வாரிசாக வந்த பாகம், தகப்பனாரின் தனிச் சொத்தாகவே கருதப்படும் என்று 1986-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. தனிச் சொத்தை அவர் யாருக்கும் உயில் எழுதலாம். எழுதாவிட்டால் மகளுக்கும் சமபாகம். பிதுரார்ஜிதத்தில் தம் பாகத்தை மட்டுமே அவர் உயில் எழுத முடியும்.

இவையெல்லாம் ஹிந்துக் குடும்பங்களைப் பற்றியவை. நம் சங்கத்துக் கிறிஸ்தவ அன்பர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபாகம் தருகிறது. முஸ்லிம் சகோதரிகளின் விஷயத்திலும் ராஜ்ய சட்டசபையின் கை உண்டு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னைச் சட்டசபை 1949-இல் அதைத் திருத்தி, நிலத்திலும் அவர்களுக்குரிய பாகம் சேரும்படி செய்தது.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். அசையாச் சொத்தில் பாகத்தை விடுவிக்கும் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். நேரில் போக முடியாதவர் வேறொருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், தாம் வசிக்கும் இடத்துச் சார்பதிவாளர் முன்னிலையில் அதைச் செய்ய வேண்டும். அங்கே போகுமுன் சகோதரிகள் சிலவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ், இப்போது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம். பட்டா மாற்றுவதற்காக என்றால், எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டாக மாற்றிக்கொள்ளலாமே! அதற்கு விடுதலை எதற்கு? பாகத்துக்கு ஈடாகப் பணம் கொடுத்ததாகப் பத்திரத்தில் எழுதியிருந்தால், அந்தப் பணம் உண்மையில் கைக்கு வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

"உனக்குத்தான் நகை போட்டோம், சீர் செய்தோமே" என்பார்கள். போட்ட நகை பெண்ணின் ஸ்ரீதனம். அதைக் கழித்துக்கொண்டுதான் பாகம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் தங்கி, வயதான பெற்றோருக்குப் பத்து ஆண்டு மருந்து வாங்கிக் கொடுத்து, வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டையிட்டு நிலத்தைக் காத்தவர் அந்தத் தம்பிதான். அவருக்கு விட்டுக்கொடுக்கத் தமக்கை விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். பாதியைக் கொடுத்துப் பாதியை வைத்துக்கொள்ளலாம். இன்னது என் பாகம், இதை நான் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுப்பதற்கும், பட்டாவுக்கு என்று நம்பி இழப்பதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. பின்னால் உண்மை தெரியவரும்போது அறுந்து போவது நிலத்தின் வரப்பு மட்டுமன்று. தீபாவளிக்குப் போய்வரும் வழக்கமும் நின்றுவிடுகிறது.

இதே பத்திரத்தை எழுதி ஊருக்கு அனுப்பும் சகோதரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நகரத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ஊரிலுள்ள தங்கையின் கையெழுத்தைத் தபாலில் கேட்பவர்கள் அவர்கள். தங்கைக்கு எவ்வளவு பாகம் என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டுக் கேட்கட்டும்.

கைக்கு வந்த பாகம் பிறகு எங்கே போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையில்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், பெற்றோரிடமிருந்து வந்த சொத்து தகப்பனாரின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவள் தானே உழைத்துச் சம்பாதித்தது அப்படிப் போகாது. கணவன் இல்லையெனில் கணவனுடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய்க்கு அதற்குப் பின்னரே இடம். மணமான மூன்று மாதத்தில் விதவையாகி, பிறந்த வீட்டாரால் படிக்கவைக்கப்பட்டு, உத்தியோகம் பார்த்துச் சேர்த்த ஒரு பெண்மணியின் பணம், கணவன் வீட்டு உறவினருக்கே சேரும் என்று 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகம் அப்படி இருக்கிறது. ஆகையால் சம்பாதிக்கும் பெண்கள், முக்கியமாகக் குழந்தையில்லாதவர்கள், உயில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு முத்திரைத் தாள் வேண்டியதில்லை. வெள்ளைத் தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காமலிருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமன்று, செய்தால் பின்னால் தொல்லை குறையும். எழுதிய உயில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைக்க மறக்க வேண்டாம்.