மலையேற ஜீன்ஸ் வேண்டாம், மாணவர்களே!

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழகம் செமினியில் உள்ள புரோகா மலைக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்தது. பெயர் கொடுத்திருந்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி இரண்டு நாளில் திரும்பி வந்து, தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். உடம்பு சரியில்லையா, வீட்டில் அனுமதி இல்லையா என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் பதில் வந்தது. "மலையேறுற சிலுவார் என்கிட்ட இல்ல டீச்சர். கடையில பார்த்தோம், 300 வெள்ளி போட்டிருக்கு. அம்மாகிட்ட கேட்க மனசு வரல."

அதே பயணத்துக்கு ஒரு மாணவன் தீபாவளிக்கு வாங்கிய கனமான ஜீன்ஸில் வந்தான். பேருந்தில் ஏறும்போது எல்லாரையும்விட எடுப்பாக இருந்தவன் அவன்தான். விடியற்காலை இருட்டில் லாலான் புல்லுக்கு நடுவே ஏறும்போதே பனியில் அவன் முழங்கால்வரை நனைந்துவிட்டது. பிறகு மழையும் பிடித்துக்கொண்டது. இறங்கும்போது தொடையின் உட்பக்கம் தோல் உராய்ந்து சிவந்து, காலை அகட்டி அகட்டி நடந்தான். அவனுக்காக வரிசை முழுவதும் நின்று நின்று இறங்கியது.

இரண்டுக்கும் பொறுப்பு நான்தான். பெற்றோருக்கு அனுப்பிய கடிதத்தில் "மலையேற்றத்துக்கு ஏற்ற உடை" என்று ஒரே வரி எழுதியிருந்தேன். எது ஏற்றது என்று எழுதவில்லை. அந்த மாணவி அதை விலை அதிகமான உடை என்று புரிந்துகொண்டாள். அந்த மாணவன் தன்னிடம் இருப்பதிலேயே தடிமனான உடை என்று புரிந்துகொண்டான். கடிதத்தில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். மலையேறக் கால்சட்டை தேடும்போது விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன், உள்பக்கம் தைத்திருக்கும் துணிச் சீட்டைப் படியுங்கள். அப்படிப் படித்தால், புரோகா, புக்கிட் காசிங் போன்ற மலைகளுக்கு வேண்டிய கால்சட்டை உங்களில் பலரிடம் ஏற்கெனவே இருப்பது தெரியவரும். உடற்கல்வி நேரத்தில் நீங்கள் போடும் டிராக்சூட் கால்சட்டைதான் அது.

ஜீன்ஸ் எதற்காகப் பிறந்தது?

ஜீன்ஸ் மோசமான உடை இல்லை. அமெரிக்காவில் உடலுழைப்புத் தொழிலாளர்களின் கால்சட்டைகள் பைகளின் ஓரத்தில் அடிக்கடி கிழிந்தன. ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் அந்த இடங்களில் செப்பு ஆணிகளைப் பொருத்தினார். துணி வணிகர் லீவாய் ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். கிழியாத கால்சட்டை வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முன் இருந்த கேள்வி. நம் மலைகளில் அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நனைந்தால் எவ்வளவு விரைவில் காயும்? அந்தக் கேள்வியில் ஜீன்ஸ் தோற்றுவிடுகிறது.

பருத்தியும் தண்ணீரும்

ஜீன்ஸ் துணி பெரும்பாலும் பருத்தி. பருத்தி என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் சங்கிலியாக இணைந்து உருவான பாலிமர் அது. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் குழுக்கள் உள்ளன. தண்ணீர் மூலக்கூறுகள் இவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் தண்ணீர் இழையின் உள்ளேயே புகுந்து தங்கிவிடுகிறது.

பாலியஸ்டர் அப்படியில்லை. நீங்கள் கடையில் வாங்கும் குடிநீர்ப் போத்தலும் பாலியஸ்டர் துணியும் ஒரே வகை பாலிமர்தான். போத்தல் தண்ணீரை உறிஞ்சாததுபோல இந்த இழையும் அநேகமாக உறிஞ்சுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால், பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை ஈர்த்துக்கொள்கிறது. நைலான் சுமார் 4 விழுக்காடு ஈர்க்கிறது. பாலியஸ்டர் அரை விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை.

பாலியஸ்டர் துணியும் மழையில் நனையத்தான் செய்யும். ஆனால் தண்ணீர் இழைக்குள் போகாமல், இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நிற்கிறது. தந்துகிக் கவர்ச்சியால் அது துணி முழுவதும் பரவுகிறது. பரப்பளவு கூடினால் ஆவியாதலும் கூடும் என்று படித்திருக்கிறீர்கள். மெல்லிய டிராக்சூட் கால்சட்டை சீக்கிரம் காய்வதற்கு அதுவே காரணம்.

இங்கே நம் ஊர்க் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக உடலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். உடல் குளிர்வது இப்படித்தான். ஆனால் மழைக்காட்டின் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கிறது. அதில் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். வறண்ட நாட்டில் ஒரு மதியத்தில் காயும் ஜீன்ஸ், இங்கே காட்டுக்குள் நீங்கள் இறங்கி வரும்வரை காயாது. ஈரத் துணியின் எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி நடக்கிறீர்கள். ஈரத் தோலில் உராய்வும் அதிகம். அந்த மாணவனின் தொடையில் நடந்தது இதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். பழைய ஜீன்ஸிலிருந்தும், பருத்தி டி-சட்டையிலிருந்தும், கிழிந்த டிராக்சூட்டிலிருந்தும் ஒரே அளவில் ஒவ்வொரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி எடை பாருங்கள். நிழலில் தொங்கவிட்டு அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எடையைக் குறித்து வரைபடம் போடுங்கள். துணி வகை தற்சார்பு மாறி. எடை சார்பு மாறி. துண்டின் அளவு, ஊறும் நேரம், தொங்கவிடும் இடம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

மெல்லிய டி-சட்டைத் துண்டு ஜீன்ஸ் துண்டைவிடச் சீக்கிரம் காய்வதைக் கவனிப்பீர்கள். இரண்டும் பருத்திதான், ஆனால் தடிமன் வேறு. நம் தாத்தாக்களின் வேட்டியும் கைலியும் இந்தச் சூட்டில் சுகமாக இருந்ததற்கு அந்த மெல்லிய நெசவும் தளர்வும் காரணம். ஆகவே இழையின் பெயர் மட்டும் போதாது, துணியின் தடிமனையும் பாருங்கள்.

அரைக்கால் சட்டை போதாதா?

மாணவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான். வெட்டவெளியான தார்ச் சாலையில் நடக்க அது போதும். காட்டுப் பாதைக்கு நான் சம்மதிக்கமாட்டேன். லாலான் இலையின் ஓரத்தில் சிலிக்கா படிந்த நுண்ணிய பற்கள் உள்ளன. வெறுங்காலில் உரசினால் கீறிவிடும். பிரம்புக் கொடியின் முள் இருக்கிறது. கொசு இருக்கிறது. மழை பெய்தால் அட்டை இருக்கிறது. அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், அது விழுந்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் கைகால்களை மூடிக்கொண்டு வேலைக்குப் போனது சும்மா இல்லை. முழுநீளக் கால்சட்டை அணிந்து, அதன் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வெளிர்நிறமாக இருந்தால் ஏறுகிற அட்டை கண்ணுக்குத் தெரியும்.

உடலோடு ஒட்டிய லெகிங்ஸ் பற்றியும் மாணவிகள் கேட்கிறார்கள். காலை மடக்க அது வசதிதான். ஆனால் மெல்லிய பின்னல் துணி முள்ளில் மாட்டினால் இழை இழுபட்டு ஓட்டை விழும். பின்னல் துணியான டிராக்சூட்டுக்கும் இந்தக் குறை உண்டு. துப்புரவான பாதையுள்ள மலைகளுக்கு அது போதும். உலு லங்காட்டில் உள்ள 1,493 மீட்டர் உயரமான நுவாங் போன்ற நாள் முழுக்க நடக்கும் மலைக்கு, நெய்த நைலான் துணி நல்லது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் துணிச் சீட்டு. பாலியஸ்டர் அல்லது நைலான் பெரும்பங்கு இருக்கட்டும். பாலிஅமைட் என்று போட்டிருந்தாலும் அது நைலான்தான். எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் சில விழுக்காடு கலந்திருந்தால் துணி இழுபட்டு மீளும்.

இரண்டாவது, நெசவு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால் அது ரிப்ஸ்டாப் நெசவு. கட்டத்தின் கோடுகளில் வலுவான நூல் ஓடுவதால், ஒரு கிழிசல் அந்தக் கோட்டைத் தாண்டிப் பரவுவது கடினம்.

மூன்றாவது, தையல். இரு கால்களும் சேரும் இடத்தில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்தித்தால், விசை முழுவதும் அந்தப் புள்ளியில் விழும். அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தால் விசை பரவும், கிழியாது. இல்லாவிட்டால், பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்களுக்குத் தெரிந்த தையற்காரரிடம் சொல்லுங்கள், வைத்துக் கொடுப்பார்.

நான்காவது, அசைவு. கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றால் மட்டும் போதாது. குத்துக்காலிட்டு உட்காருங்கள். முழங்காலை இடுப்புவரை தூக்குங்கள். எங்கும் இறுக்கக்கூடாது. இன்னும் சந்தேகமிருந்தால் பத்துமலையின் 272 படிகளை ஒரு முறை ஏறி இறங்குங்கள், காசில்லாத சோதனை.

விலைச் சீட்டு கடைசி. நான் போடும் நைலான் கால்சட்டை கிள்ளானில் ஒரு பண்டல் கடையில் 25 வெள்ளிக்கு வாங்கியது. அதன் முதல் சொந்தக்காரர் யாரென்று தெரியாது, துணிச் சீட்டு மட்டும் தெளிவாக இருந்தது. விலை அதிகமான கால்சட்டைகளில் நல்ல தையலும் நல்ல துணியும் இருப்பது உண்மை. ஆண்டு முழுவதும் மலையேறுகிறவருக்கு அது தகும். ஆண்டுக்கு இரண்டு முறை போகும் மாணவருக்கு அது கட்டாயமில்லை.

பிளாஸ்டிக் துணிதானே?

ஆமாம். இதை மறைக்கக்கூடாது. பாலியஸ்டரும் நைலானும் ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிய இழைகளை உதிர்க்கின்றன. அவை ஆற்றில் கலக்கின்றன. கிள்ளான் ஆறு ஏற்கெனவே போதுமான அளவு சுமக்கிறது. ஆகவே ஐந்து கால்சட்டை வாங்காதீர்கள். ஒன்றை வாங்கி, கிழிந்தால் தைத்து, பல ஆண்டு போடுங்கள். இன்னொரு குறையும் உண்டு. இந்த இழைகள் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முகாமில் அடுப்பருகே எச்சரிக்கையாக இருங்கள்.

உயரம் கூடும்போது

கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறு மலைகளில் ஈரக் கால்சட்டை ஒரு தொல்லை. உயரமான மலைகளில் அதுவே ஆபத்து. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 பாகை குறைகிறது. தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. 4,095 மீட்டர் உயரமான கினபாலு மலையில் நனைந்த ஜீன்ஸோடு காற்றில் நிற்பவரின் உடல் எவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் எம்.மகேந்திரனும் என்.மோகனதாஸும். இருவரும் நம் சமூகத்தினர். மலையேற்றம் நமக்கு அந்நியமான பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இந்த இரு பெயர்களைச் சொல்லுங்கள். உங்களில் யாராவது அந்த உயரத்துக்குப் போக விரும்பினால், முதல் மலை புக்கிட் காசிங்காக இருக்கலாம். அதற்கு 300 வெள்ளி தேவையில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயணக் கடிதத்தில் "ஏற்ற உடை" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "பள்ளி டிராக்சூட் போதும், ஜீன்ஸ் வேண்டாம்" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி சில மாணவர்களின் தொடையைக் காப்பாற்றும். இன்னும் சிலரை வீட்டில் தங்கிவிடாமல் காப்பாற்றும்.

அடுத்த முறை நான் அப்படித்தான் எழுதினேன். பெயரை எடுத்துக்கொண்ட மாணவி, பள்ளி டிராக்சூட்டில், அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு புக்கிட் காசிங்குக்கு வந்தாள். அன்றும் மழை. பேருந்து நிறுத்தத்துக்கு நாங்கள் நடந்து சேர்வதற்குள் அவள் கால்சட்டை பாதி காய்ந்திருந்தது.