நகரசபையை வென்றாயிற்று, பள்ளிக்கூடம்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் மாநகருக்கு நடுவே தீவுபோல அமைந்த சிற்றூர் ஹாம்ட்ராமிக். பரப்பளவு சுமார் இரண்டு சதுர மைல்தான். 2004-ல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்வது தொடர்பான சர்ச்சையால் உலகச் செய்திகளில் அடிபட்ட ஊர் இது. 2021 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு மேயரும் நகரசபை உறுப்பினர்கள் அனைவரும் முஸ்லிம்கள் என்ற நிலை வந்தது. அந்தச் செய்தியை நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் ‘மாஷா அல்லாஹ்’ என்று பகிர்ந்து மகிழ்ந்தோம். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. அங்கே அரசுப் பள்ளிகள் நகரசபையின் கையில் இல்லை. ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்பது தனி நிர்வாகம். அதற்கெனத் தனி வாரியம், தனித் தேர்தல், தனி வரவுசெலவு. மேயர் நாற்காலியைப் பிடித்ததாலேயே வகுப்பறையில் எதுவும் மாறிவிடாது.

ஹாம்ட்ராமிக் எப்போதும் வந்தேறிகளின் ஊர்தான். கார் தொழிற்சாலையை நம்பி வந்த போலந்து நாட்டுக் கத்தோலிக்கர்களால் அது நிரம்பியது. 1930-ல் அங்கே 56,000-க்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். 1980-ல் அந்தப் பெரிய டாட்ஜ் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊர் தேய்ந்தது. பிறகு யமனியரும் வங்கதேசத்தவரும் வந்து வீடுகளை வாங்கி, கடைகளைத் திறந்து ஊருக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 2010-ல் 22,423 ஆக இருந்த மக்கள்தொகை 2020-ல் 28,433 ஆனது. அங்குள்ள நடுநிலைப் பள்ளிக்கு இன்றும் போலந்து வீரர் கோஷ்சுஸ்கோவின் பெயர்தான். உள்ளே கேட்பதோ அரபியும் வங்காளமும்.

சுமார் 3,000 மாணவர்கள் படிக்கும் இந்தப் பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் மாநிலச் சராசரியைவிடக் கீழே இருக்கிறது. இதை மட்டும் பார்ப்பவர், ‘இந்தச் சமுதாயம் படிப்பில் மந்தம்’ என்று முடிவு கட்டிவிடுவார். அது அநியாயமான முடிவு. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்போதுதான் ஆங்கிலம் கற்பவர்கள். மாநிலத் தேர்வோ ஆங்கிலத்தில். கணக்குத் தெரிந்த பிள்ளையும் கேள்வி புரியாமல் மதிப்பெண்ணை இழக்கும்.

நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதும் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அது ஸஹாபாக்களின் சிறப்பு. நம் பிள்ளைகள் பேச்சு மொழியை இரண்டு ஆண்டுகளில் பிடித்துவிடுவார்கள். பாடநூல் மொழி வசப்பட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்கிறார்கள் கல்வி ஆய்வாளர்கள். ஆங்கிலம் கைவந்த மாணவர் ‘ஆங்கிலம் கற்போர்’ பட்டியலிலிருந்து வெளியேறுவார். அந்த இடத்துக்குப் புதிதாக வந்திறங்கிய பிள்ளை வரும். ஆகவே சராசரி கீழேயே நிற்கும். ஒரு பிள்ளை சென்ற ஆண்டைவிட எவ்வளவு முன்னேறியது என்ற கணக்குதான் நியாயமான அளவுகோல்.

அடுத்தது பணம். 1994-ல் மிச்சிகன் வாக்காளர்கள் ‘புரொப்போசல் ஏ’ என்ற திட்டத்தை ஏற்றனர். விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது. பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கு மாநிலமே தலைக்கு இவ்வளவு என்று தரத் தொடங்கியது. 2023-24-ல் அந்தத் தொகை ஒரு மாணவருக்கு 9,608 டாலர். பணக்கார ஊர், ஏழை ஊர் இடைவெளி இதனால் குறைந்தது உண்மை. ஆனால் சமமான தொகை சமமான வாய்ப்பு ஆகிவிடாது. ஆங்கிலம் கற்கும் மாணவருக்கு, அவரது மொழித் திறனைப் பொறுத்து, அடிப்படைத் தொகையுடன் 35 முதல் 70 சதவீதம் கூடுதலாகத் தேவை என்று 2018-ல் அம்மாநிலத்திலேயே வெளியான ஆய்வு கூறியது. கூடுதல் உதவி தரப்படுகிறது. அது அந்த அளவை எட்டவில்லை.

கட்டடச் செலவோ இன்னும் உள்ளூர்ச் சொத்து வரியின் தலையில்தான். இரண்டு சதுர மைல் ஏழை ஊரில் எவ்வளவு வரி வசூலாகும்? பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க, வாடகையும் தவணையும் கட்டித் திணறும் மக்களிடமே வாக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

தலைக்கணக்கில் பணம் வருவதால், ஒரு பிள்ளை சார்ட்டர் பள்ளிக்கு மாறினால் அந்தப் பணமும் கூடவே போகும். பத்துப் பிள்ளைகள் போனால் ஏறக்குறைய ஓர் ஆசிரியரின் சம்பளம் போகிறது. 2017-லும் 2025 ஜூனிலும் அமெரிக்க அரசு விதித்த பயணத் தடைகளில் யமனும் இருந்தது. அவை குடும்பங்களைப் பிரித்தன என்பதை அறிவோம். வரவேண்டிய பிள்ளைகள் வராவிட்டால் பள்ளியின் வருமானமும் குறையும் என்பதை அதிகம் பேசுவதில்லை.

அங்குள்ள ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்? 2023-ல் நகரசபைக் கட்டடங்களில் எந்தக் கொடி பறக்கலாம் என்ற விவாதத்துக்கு மக்கள் திரண்டார்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் பள்ளி வாரியம் தன் வரவுசெலவைப் பொதுமக்கள் முன் வைத்தாக வேண்டும். அந்த அவைக்கும் அதே கூட்டம் போக வேண்டும். அரபியிலும் வங்காளத்திலும் பேசும் உதவி ஆசிரியர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஒதுக்கினீர்கள் என்று கேட்க வேண்டும். அக்டோபர் முதல் புதன்கிழமை மாணவர் தொகையை எண்ணும் நாள் என்பதை அதற்கு முந்தைய ஜும்ஆவில் அறிவிக்கலாம். 180 பள்ளி நாட்களில் 18 நாள் விடுப்பு எடுத்தாலே ‘தொடர்ந்து வராத மாணவர்’ என்ற கணக்கில் சேர்வார்கள். எனவே ஊர்ப் பயணத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவைக்கும்படி பெற்றோரிடம் மிம்பரிலிருந்தே சொல்லலாம்.

பத்ருப் போரில் கைதானோரில் பிணைத்தொகை கொடுக்க வசதியில்லாதவர்களை, அன்ஸார்களின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலையாகச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மதீனாவில் பணத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. வெற்றிக்குப் பிறகு முதலில் எதைத் தேட வேண்டும் என்பதற்கு அதைவிடப் பாடம் தேவையில்லை. ஹாம்ட்ராமிக் சகோதரர்கள் தேர்தலில் வென்றுவிட்டார்கள். அந்த 3,000 பிள்ளைகளின் வகுப்பறையிலும் அல்லாஹ் அவர்களுக்கு வெற்றியைத் தருவானாக.