கணக்குத் தெரியாத கதைசொல்லி

டேபிள்டாப் ஆட்டக்காரர்கள் கூடும் இடங்களில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும்: "கணக்கெல்லாம் எதுக்கு பாஸ்? கதையை ஃபீல் பண்ணுங்க." இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இது தேனாக இனிக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் பட்டதற்கெல்லாம் பழிவாங்கிய திருப்தி கிடைக்கும். ஆனால் அந்த வசனம் பொய். நிகழ்தகவைக் கணக்குப் போடாத கேம் மாஸ்டர் தனக்கே தெரியாமல் கதையைக் கொல்கிறார். பிறகு அதை மூடி மறைக்கப் பொய் சொல்கிறார்.

ஆடாதவர்களுக்காக நாலு வரி. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து கிளைத்த ஆட்டங்கள் இவை. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். முடிவு உறுதியில்லாத இடம் வந்தால் பகடை உருளும். ஆக, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை எழுதுகிறவர்களில் பகடையும் ஒருவர்.

இப்போது ஒரு காட்சி. ஐந்து பேர் காவலர்களைத் தாண்டிக் கோட்டைக்குள் நழுவ வேண்டும். இருபது முகப் பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தப்பலாம். ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு. "எல்லாரும் உருட்டுங்க, ஒருத்தர் சொதப்பினாலும் மாட்டிக்குவீங்க" என்கிறார் கேம் மாஸ்டர். 70 சதவீதம் தாராளம்தானே என்று நினைக்கிறார். 0.7ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: 0.168. ஐவரும் தப்ப 17 சதவீத வாய்ப்புகூட இல்லை. பகடையைத் தொடும் முன்பே அந்தத் திட்டத்துக்குச் சங்கு ஊதியாகிவிட்டது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. குழுவில் பாதிப் பேராவது தேறினால் குழுவே தேறியது. அதாவது ஐந்தில் மூன்று பேர் போதும். இப்போது வாய்ப்பு ஏறக்குறைய 84 சதவீதம். அதே ஐந்து பேர், அதே பகடை, அதே கோட்டைச் சுவர். எந்த விதியில் உருட்டச் சொல்கிறோம் என்பது மட்டும் மாறியது. வீரக்கதை அவலக்கதையாகவோ, அவலக்கதை வீரக்கதையாகவோ ஆகிவிட்டது. "நான் கணக்குப் பார்ப்பதில்லை" என்று பெருமை பேசுகிறவர் இந்த முடிவையும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறார், அவ்வளவுதான்.

விளைவு என்ன? கதை எதிர்பாராமல் நொறுங்குகிறது. உடனே திரைக்குப் பின்னால் விழுந்த 4ஐ 14 என்று அறிவிக்கிறார். "கதைக்காகத்தானே செய்தேன்" என்கிறார். யாருடைய கதைக்காக? இன்னொருத்தியைக் காப்பாற்றத் தன் பாத்திரத்தைச் சாவுக்கு முன்னால் நிறுத்திய ஆட்டக்காரரின் துணிச்சல் அந்த நொடியில் செல்லாக்காசாகிறது. அவர் சாகவே முடியாது என்றால் அவர் எதையுமே பணயம் வைக்கவில்லை. அவருக்கு மட்டும் அது தெரியாது. ஏமாற்று என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

எண்களில் கதை இருக்கிறது என்பதற்கு அபோகலிப்ஸ் வேர்ல்டைப் பாருங்கள். வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் உருவாக்கி 2010இல் வந்த ஆட்டம். இரண்டு ஆறுமுகப் பகடைகள். கூட்டுத்தொகை 10 அல்லது மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் ஏதாவது விலை கொடுத்துப் பெறும் வெற்றி. 6 அல்லது கீழ் என்றால் சங்கடம். கூடுதல் எதுவும் இல்லாமல் உருட்டினால் முழு வெற்றிக்கு 36இல் 6 வாய்ப்புகள். மற்ற இரண்டுக்கும் தலா 15. கூட்டுத்தொகையோடு ஒன்றைச் சேர்த்தால் 10, 16, 10 என்று மாறுகிறது. நடு முடிவுதான் எல்லாவற்றையும்விட அதிகம் வரும். கிடைத்தது, ஆனால் சும்மா கிடைக்கவில்லை. அழிந்த உலகத்தில் பிழைத்திருப்பதன் சுவை அதுதானே? அந்தச் சுவையைப் பக்கம் பக்கமான வர்ணனையைவிட இந்த 36 கட்டங்கள் உறுதியாகத் தருகின்றன.

"வாய்ப்பு தெரிஞ்சா சஸ்பென்ஸ் போயிடும்" என்பார்கள். தெரிவது வாய்ப்புதான், முடிவு இல்லையே. 17 சதவீதம் என்று தெரிந்தும் பகடையை எடுக்கிற கை நடுங்கும். தெரியாமல் எடுக்கிற கைக்கு நடுங்கக் காரணமே இல்லை.

எல்லாவற்றையும் சதவீதமாக்கி, அடுத்தவர் பேசும்போது கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிற ஆசாமியும் உண்டு. அவர் தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பழக்கவழக்கக் கோளாறு. சாப்பாட்டு மேசையில் ஒருவர் இலக்கணம் பேசி அறுக்கிறார் என்பதற்காக மொழிக்கு இலக்கணமே வேண்டாம் என்போமா?

கணக்கும் கதையும் எதிரிகள் என்று நினைக்கிறவர்கள் மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் நளன் கதையைத் திரும்பப் படிக்கட்டும். சூதில் நாட்டை இழந்த நளன் தேரோட்டியாக வேலை பார்க்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தின் இலைகளும் காய்களும் எத்தனை என்று ரிதுபர்ணன் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. பகடையின் சூட்சுமத்தையும் எண்ணும் வித்தையையும் ரிதுபர்ணன் கற்றுத்தர, நளன் பதிலுக்குக் குதிரை வித்தையைத் தருகிறான். அந்த வித்தை உள்ளே வந்ததும் கலி அவனை விட்டு வெளியேறுகிறது. அதன் பிறகுதான் அவன் மறுபடி ஆடி நாட்டை மீட்கிறான். அந்தக் கதையில் கணக்கு வருகிற இடம்தான் திருப்பம்.

ஆகவே கேம் மாஸ்டர்களே, கேட்பது இரண்டே இரண்டு. உருட்டச் சொல்லும் முன் எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லுங்கள். பிறகு பகடையை எல்லாரும் பார்க்க உருட்டுங்கள். ஒரு முடிவைத் தாங்க உங்கள் கதைக்குத் திராணி இல்லையென்றால், அந்த இடத்தில் பகடையை எடுக்கவே எடுக்காதீர்கள். நடந்ததாகவே சொல்லிவிட்டு மேலே போங்கள். அது நேர்மையான கதை.