குத்தகைக்குப் போன கால்பந்து

2025 நவம்பர் 7-ந் தேதி டில்லியில் ஓர் ஏலத்தின் கெடு முடிந்தது. ஏலத்துக்கு வந்த சொத்து, இந்திய நாட்டின் தலையாய கால்பந்துப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக். அதை நடத்தும் உரிமை, டெலிவிஷனில் காட்டும் உரிமை, விளம்பரம் பிடிக்கும் உரிமை எல்லாம் சேர்த்து 15 வருஷத்துக்கு ஏலம். வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி ரூபாய், அல்லது மொத்த வரும்படியில் 5 சதவிகிதம், இதில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கெடு முடிந்தபோது ஏலம் கேட்க ஒருவர்கூட வரவில்லை.

"இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கூலிப் பிரச்னை இருக்கிறது, ஷிப்டுப் பிரச்னை இருக்கிறது. பந்தாட்டம் எங்கே வந்தது?" என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இது ஊர்ச் சொத்து தனியார் கைக்குப் போன கதை. சம்பளம் நின்றுபோன தொழிலாளியின் கதை.

கன்னிவாடிப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்குக் குத்தகையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குளத்து மீனை ஏலம் விடுவதையும், ரோட்டோரப் புளியமரங்களை ஏலம் விடுவதையும் அவர் கண்ணாலேயே பார்த்தவர். குளம் ஊருக்குச் சொந்தம். ஏலம் எடுத்தவர் அந்த வருஷத்து மீனைப் பிடித்துக்கொண்டு போகலாம். குளத்தையே 15 வருஷத்துக்கு ஒருவர் பேரில் எழுதிக்கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா?

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அதைத்தான் செய்தது. 2010 டிசம்பரில், ரிலையன்ஸும் அந்நிய நாட்டு ஐ.எம்.ஜி. கம்பெனியும் சேர்ந்து அமைத்த கம்பெனியோடு அது ஓர் ஒப்பந்தம் போட்டது. காலம் 15 வருஷம்; தொகை 700 கோடி ரூபாய். அதற்குப் பதிலாகச் சம்மேளனத்தின் வியாபார உரிமைகள் அத்தனையும் கை மாறின. அந்த உரிமையை வைத்துத்தான் 2014 அக்டோபரில் 8 குழுக்களோடு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கப்பட்டது. லீகை நடத்திய எப்.எஸ்.டி.எல். கம்பெனியில் ரிலையன்ஸும் ஸ்டார் டெலிவிஷனும் பங்குதாரர்கள்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது? மைதானத்தில் காமிரா வைக்கும் உரிமையை லீக் நடத்துபவர் விற்கிறார். டெலிவிஷன் முதலாளி வாங்குகிறார். போட்ட பணத்தை அவர் விளம்பரத்திலும், நாம் கட்டும் மாதச் சந்தாவிலும் எடுக்கிறார். விற்ற பணத்தில் ஒரு பங்கு குழுக்களுக்குப் போக வேண்டும். அதிலிருந்து ஆட்டக்காரருக்குச் சம்பளம் வர வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் வேறு வேறு ஆளாக இருந்தால்தான் இதில் நியாயமான விலை படியும். இங்கேயோ காமிரா உரிமையை விற்கும் கம்பெனியில் டெலிவிஷன் கம்பெனியே பங்குதாரர்! நெல்லை விற்பவரும், தரகரும், மில்காரரும் ஒரே குடும்பமாக இருந்தால் களத்துமேட்டில் என்ன விலை கிடைக்கும்?

கிரிக்கெட்டைப் பாருங்கள். 2022 ஜூனில் ஐ.பி.எல். ஆட்டங்களை 5 வருஷத்துக்குக் காட்டும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போயிற்று. டெலிவிஷன் உரிமையை ஸ்டார் எடுத்தது. செல்போனில் காட்டும் உரிமையை ரிலையன்ஸின் வயாகாம்18 எடுத்தது. போட்டிக்கு ஆள் இருந்ததால் விலை ஏறியது. 2024 நவம்பரில் அந்த இருவரும் ஜியோஸ்டார் என்ற பெயரில் ஒன்றாகிவிட்டார்கள். சந்தையில் மோதிக்கொண்ட இரண்டு பெரிய மாடுகள் ஒரே தொழுவத்துக்கு வந்துவிட்டன. இனி ஏலத்தில் யாருக்கு எதிராக யார் விலை கேட்பது? "தனியார் போட்டி இருந்தால் எல்லாம் செழிக்கும்" என்று உபதேசம் செய்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கால்பந்துக்கு வந்த கதி இதுதான். குத்தகை 2025 டிசம்பர் 8-ந் தேதியோடு முடிவதாக இருந்தது. சம்மேளனத்தின் சட்டதிட்டம் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்ததால், புதிய ஒப்பந்தம் ஆகவில்லை. 2025 ஜூலை 11-ந் தேதி, அந்த வருஷத்து லீகை நிறுத்தி வைப்பதாகக் கம்பெனி கடிதம் எழுதிவிட்டது. மில் பாஷையில் சொன்னால் கதவடைப்பு. ஆகஸ்டு மாதத்திலேயே பெங்களூரு குழு ஆட்டக்காரருக்கும் ஊழியருக்கும் சம்பளத்தை நிறுத்தியது. இரண்டு முறை கோப்பை வென்ற நமது சென்னையின் குழுவும் வேலைகளை நிறுத்தி வைத்தது.

பத்திரிகைகளில் படம் வரும் நாலைந்து நட்சத்திரங்களைப் பற்றி மட்டும் நாம் பேசவில்லை. மாற்று ஆட்டக்காரர், பயிற்சியாளர், மருத்துவ உதவியாளர், மைதானத்தில் புல் வெட்டுபவர், பந்து பொறுக்கும் பையன் எல்லோருக்கும் ஆட்டம் நின்றால் அடுப்பு நிற்கும். ஆட்டக்காரருக்கு வேலை செய்யும் வயதே பத்துப் பதினைந்து வருஷம்தான். அதில் ஒரு வருஷத்தைப் பறித்தால் யார் திருப்பித் தருவது? 2026 ஜனவரியில் இந்திய ஆட்டக்காரர்கள் பகிரங்கமாக உலகக் கால்பந்து சம்மேளனத்திடமே முறையிட வேண்டிய நிலை வந்தது. சொந்த நாட்டில் கேட்பாரில்லாமல் போனதைவிட வெட்கக்கேடு உண்டா?

கடைசியில் மத்திய சர்க்கார் தலையிட்ட பிறகு 2026 பிப்ரவரி 14-ந் தேதி ஆட்டம் தொடங்கியது. முந்திய பருவத்தில் லீக் கட்டத்தில் மட்டும் 156 ஆட்டங்கள் நடந்தன. இம்முறை 14 குழுக்களுக்கு ஒரே சுற்று, 91 ஆட்டங்கள் என்று சுருக்கப்பட்டது.

"கம்பெனி வந்ததால்தானே ஆட்டக்காரருக்குச் சம்பளம் கூடியது, மைதானத்தில் விளக்கு எரிந்தது?" என்று சிலர் வாதிக்கிறார்கள். கூடியது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சம்பளம் முழுவதும் ஒரே கையெழுத்தில் தொங்கியது என்பதும் உண்மை. கை விலகியது, சம்பளம் விழுந்தது. 15 வருஷம் மீன் பிடித்த பிறகு குளத்தில் குஞ்சு இல்லை என்றால், அதற்குப் பொறுப்பு மீனா?

வேறு நாடுகளில் ஜனங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய குழுக்களின் முதலாளிகள், தங்களுக்கென்று தனி லீக் அமைத்து டெலிவிஷன் பணத்தை அள்ளத் திட்டமிட்டார்கள். இங்கிலாந்தில் ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் அந்நாட்டுக் குழுக்கள் ஆறும் பின்வாங்கின. ஜெர்மனியில் பெரும்பாலான குழுக்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே லீகின் வருங்கால டெலிவிஷன் வரும்படியில் ஒரு பங்கை முதலீட்டுக் கம்பெனிக்கு விற்கப் பேச்சு நடந்தது. வாராவாரம் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரி 21-ந் தேதி லீக் நிர்வாகம் அந்தப் பேரத்தைக் கைவிட்டது. டிக்கெட் வாங்கி நின்று பார்க்கும் சாதாரண ஜனங்கள் பெற்ற வெற்றி இது.

நம் நாட்டிலும் சட்டத்தின் ஆதாரம் இல்லாமல் இல்லை. வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புக் கூறியது. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தனியார் டெலிவிஷன் கம்பெனிகள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. ஆனால் 2017-ல் வந்த தீர்ப்பின்படி, அப்படிப் பகிரும் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் சொந்த ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும்தான் காட்டலாம். தனியார் கேபிள் வழியாகக் காட்டக் கூடாது. ஆக, மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டும் தொழிலாளியின் வீட்டில் அந்த ஆட்டம் தெரியாது. காசு கொடுப்பவருக்குத் தெரியாதாம்! வான் அலை பொதுச் சொத்து என்ற தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். குத்தகைதாரரை மாற்றினால் நோய் தீராது. குத்தகை முறையையே மாற்ற வேண்டும். நமது கோரிக்கைகள்:

1. லீகை நடத்தும் பொறுப்பும், அதைக் காட்டும் உரிமையும் ஒரே குழுமத்தின் கையில் இருக்கக் கூடாது. டெலிவிஷன் கம்பெனி லீகில் பங்குதாரராக இருப்பதைத் தடை செய்ய வேண்டும்.

2. ஒளிபரப்பு உரிமையைப் பதினைந்து வருஷத்துக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தம் போதும். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

3. ஒளிபரப்புப் பணத்தில் முதல் பாத்தியதை ஆட்டக்காரர், ஊழியர் சம்பளத்துக்கே. ஆட்டம் நின்றாலும் சம்பளம் நிற்காதபடி ஒரு நிதி ஒதுக்க வேண்டும். பேச்சுவார்த்தை மேஜையில் ஆட்டக்காரர் சங்கத்துக்கு நாற்காலி வேண்டும்.

4. லீக் ஆட்டங்களைத் தூர்தர்ஷனில் இலவசமாக, தமிழ் வர்ணனையோடு காட்ட வேண்டும். கேபிள் வீடுகளுக்கும் அது எட்டும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

5. வரும்படியில் ஒரு பங்கு கிராமத்து மைதானங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வர வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய குளத்திலும் கம்பு நட்டுக் கோல் போடும் பையன்களுக்கும், பந்தைத் தொடவே இடமில்லாத பெண் பிள்ளைகளுக்கும் ஒரு மைதானம் வேண்டும்.

கோடிக்கணக்கான கண்கள் பார்ப்பதால்தான் காமிராவுக்கு விலை. அந்தக் கண்கள் உழைப்பாளி மக்களின் கண்கள். இரவு ஷிப்டு முடித்து வந்து சிவந்த கண்ணோடு ஆட்டம் பார்க்கிறவர் இல்லாவிட்டால் ஜியோவும் இல்லை, ஸ்டாரும் இல்லை. விலையை உண்டாக்குகிறவருக்குத்தான் ஏலத்தில் குரல் இல்லை. அந்தக் குரலை எழுப்ப வேண்டும். மில் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர் சங்கங்களும், ஊர்தோறும் உள்ள விளையாட்டு மன்றங்களும் தீர்மானம் போட்டுச் சம்மேளனத்துக்கும் சர்க்காருக்கும் அனுப்பட்டும். அடுத்த ஏல அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.