அலாரம் அடிக்கிறது, யார் வருவது?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக ஓர் ஐ.எல்.ஆர். வந்து இறங்கினால் சந்தனம், குங்குமம் வைத்து போட்டோ எடுப்பார்கள். தப்பே இல்லை. குழந்தைகளின் தடுப்பூசி இருக்கிற பெட்டிக்கு அந்த மரியாதை தகும். நான் கேட்பது வேறு. அதே பெட்டி ஆறாவது வருஷம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்றுபோனால் திறந்து பார்க்க யார் வருவார்? போட்டோவில் அந்த ஆள் இல்லை. பல இடங்களில் சம்பளப் பட்டியலிலும் இல்லை.

தென்மாவட்டம் ஒன்றில் சுகாதாரத் துறையின் குளிர்பதன மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டரும் இல்லை, அதிகாரியும் இல்லை. தடுப்பூசியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது இருக்கும் பெட்டியின் பின்பக்கமிருந்து தெரிந்துகொண்டது.

ஐ.எல்.ஆர். என்றால் என்ன என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் லைன்டு ரெஃப்ரிஜிரேட்டர் என்பதன் சுருக்கம். மேல்பக்கமாகத் திறக்கும். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். மூடியைத் திறந்தாலும் சட்டென்று வெளியே கொட்டாது. உட்சுவரைச் சுற்றித் தண்ணீர் உறைந்து ஐஸாக நிற்கும். இருபத்து நாலு மணி நேரத்தில் எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தாலே போதும், மிச்ச நேரத்தை அந்த ஐஸ் பார்த்துக்கொள்ளும். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். அதற்குமேல் போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது. காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் உட்பட. 1985ல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் இன்று நாடு முழுக்கச் சுமார் 29,000 இடங்களில் இப்படிப்பட்ட பெட்டிகளை நம்பி ஓடுகிறது.

பெட்டி நல்ல பெட்டிதான். சரியாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்குக் குறையாமல் உழைக்கும். அதைக் கொல்வது பெரும்பாலும் சின்னச் சாமான்கள்: கன்டென்சரில் அப்பிய தூசி, கிழிந்த ரப்பர் பீடிங், ரிலேக்குள் புகுந்து செத்த பல்லி, சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்ததால் மூச்சுவிட வழியில்லாத கம்ப்ரசர். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டெபிலைசர்.

ஸ்டெபிலைசரை யாரும் மதிப்பதில்லை. கரிசல் பக்கம் சாயங்காலம் பம்புசெட்டெல்லாம் ஓடும்போது வோல்டேஜ் 170க்கு இறங்கும். அந்த வோல்டேஜில் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறும். அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். ஓவர்லோட் 'டக்' என்று துண்டிக்கும். ஆறியதும் மறுபடி முயற்சி, மறுபடி 'டக்'. ராத்திரி முழுக்க இப்படி நடந்தால் காயில் கருகிவிடும். ஸ்டெபிலைசர் இருந்தால் கரண்டைக் கட் பண்ணிக் காத்திருக்கும். போன கரண்ட் திரும்பி வந்தாலும் உடனே விடாமல், உள்ளே வாயு அழுத்தம் சமமாகிற வரை சில நிமிஷம் தாமதித்துத்தான் கம்ப்ரசரைக் கிளப்பும்.

"அண்ணே, பெட்டி ஓடவே மாட்டேங்குது" என்று கிராம சுகாதாரச் செவிலியர் போன் செய்வார். போய்ப் பார்த்தால் பெட்டியின் ஒயர் நேராகச் சுவர் பிளக்கில் இருக்கும்.

"ஸ்டெபிலைசர் எங்க சிஸ்டர்?"

"அது ரெண்டு மாசம் முந்தியே போயிருச்சுண்ணே. எழுதிக் குடுத்தோம், வரல. அதான் டைரக்டா போட்டுட்டோம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு முன்னால் இரண்டே வழி: தடுப்பூசியைச் சூட்டில் விடுவது, அல்லது ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டுவது. ஸ்டெபிலைசருக்குள் போனது பெரும்பாலும் ஒரு ரிலேயாக இருக்கும். அதை உடனே மாற்றியிருந்தால் ஒரு கம்ப்ரசர் பிழைத்திருக்கும். ஆனால் ரிலே வாங்க மெக்கானிக் கையில் முன்பணம் கிடையாது. மூன்று கொட்டேஷன் வேண்டும், கையெழுத்து வேண்டும். கம்ப்ரசர் கருகிய பிறகு புதுப் பெட்டிக்கே கோப்பு நகரும், அது சீக்கிரமே நகரும். புதுப் பெட்டி வாங்க பட்ஜெட்டில் தனித் தலைப்பு உண்டு. ரிலேக்கு இல்லை.

சூடு ஏறுவதைப் பற்றி எல்லோருக்கும் பயம் இருக்கிறது. என் அனுபவத்தில் அதைவிட மோசமானது பெட்டி அதிகமாகக் குளிர்வது. மே மாதம் வெயில் தாங்காமல் யாராவது தெர்மோஸ்டாட் திருகியைக் கூட்டி வைப்பார்கள். கார்த்திகை, மார்கழி வரும். திருகி அப்படியே இருக்கும். பெட்டியின் அடித்தளம் உறைநிலைக்குப் போகும். போலியோ சொட்டு மருந்தையும் தட்டம்மை மருந்தையும் அது ஒன்றும் செய்யாது. ஆனால் பென்டாவேலன்ட், டி.பி.டி., மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி எல்லாம் உறையவே கூடாதவை. ஹெபடைடிஸ் பி மைனஸ் அரை டிகிரியிலேயே உறைந்துவிடும். இந்த மருந்துகளில் அலுமினிய உப்போடு சேர்ந்திருக்கும் துகள்கள் ஒரு தடவை உறைந்தால் கட்டிதட்டிப்போகும், வீரியம் போய்விடும். அதனால்தான் இவற்றைப் பெட்டியின் அடித்தளத்தில் வைக்காமல் கூடையில், மேலே வைக்கச் சொல்வது.

உருகியபின் குப்பி பார்வைக்குப் பழையபடிதான் இருக்கும். குப்பியில் ஒட்டியிருக்கும் வி.வி.எம். லேபிளும் காட்டிக்கொடுக்காது. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் கருத்தால் மருந்து சூடுபட்டது என்று அர்த்தம். உறைந்ததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கண்டுபிடிக்க ஷேக் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அதே வகை, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி வைத்துப் பார்ப்பது. கெட்டுப்போனதில் வண்டல் சீக்கிரம் அடியில் இறங்கும். பொறுமை வேண்டிய வேலை. ஊசி போடுகிற நாளில், வாசலில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது யார் செய்வார்?

இது நம்மூர் அலட்சியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சேமிப்பில் இருக்கும் தடுப்பூசிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேவைக்கு மீறிய குளிரில் மாட்டுகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். பணக்கார நாடுகளிலும் கணக்கு பெரிதாக மாறவில்லை.

ஐ.எல்.ஆருக்குள் மல்லிகைச் சரத்தையும் மோர் பாட்டிலையும் பார்த்திருக்கிறேன். அதைப் பெரிய குற்றமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிடத் திருகியைத் தொடுகிற கைதான் பயம்.

இனி அலாரத்துக்கு வருகிறேன். 2015ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு ஈவின் என்ற மின்னணுத் திட்டம் வந்தது. பெட்டிக்குள் சென்சார், வெளியே சிம் போட்ட கருவி. எந்த ஊரில் எத்தனை டோஸ் இருக்கிறது, எந்தப் பெட்டியில் எத்தனை டிகிரி என்று சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்தபடி பார்க்கலாம். வெப்பம் எல்லை தாண்டினால் செல்போனுக்குச் செய்தி போகும். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நோட்டில் முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் '4 டிகிரி, 4 டிகிரி' என்று எழுதிவைத்த காலத்தைப் பார்த்தவன் நான். சென்சார் அப்படிப் பொய் எழுதாது.

ஆனால் அலாரம் பெட்டியைச் சரிசெய்யாது. ராத்திரி பார்மசிஸ்ட் போன் அலறுகிறது. அவர் ஓடிவந்து மருந்தைக் கோல்ட் பாக்ஸில் ஐஸ் பேக்கோடு அடுக்கி, அடுத்த நிலையத்துக்கு அனுப்புகிறார். பாராட்ட வேண்டிய வேலை. காலையில் மாவட்ட அலுவலகத்துக்குப் போன். அங்கே மெக்கானிக் பணியிடம் காலி. பக்கத்து மாவட்டத்துக்காரர் கூடுதல் பொறுப்பு. அவருக்கு வண்டி இல்லை, பஸ்ஸில் டூல் கிட்டோடு வர வேண்டும். அதற்குள் அடுத்த நிலையத்துப் பெட்டி இரட்டைச் சுமையில் திணறும். பழுதை ஒரு நொடியில் தெரிந்துகொள்ள நாம் செலவழித்திருக்கிறோம். ஓர் ஆள் போய்ச் சேர்வதற்குச் செலவழிக்கவில்லை.

கம்பெனியோடு பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். வாரன்டி காலத்தில் கம்பெனிதான் வர வேண்டும், சந்தேகமில்லை. புதுப் பெட்டிகளில் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அதைத் தயாரித்தவரால்தான் சரிசெய்ய முடியும். ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆள் பெருநகரத்தில் இருப்பார். கடைக்கோடி கிராமத்துக்கு ஒரே ஒரு ரிலேக்காக வந்துபோவது அவருக்குக் கட்டாது. அந்தப் பக்கம் நாலைந்து புகார் சேரட்டும் என்று காத்திருப்பார். வியாபாரக் கணக்கில் அது சரி. தடுப்பூசிக் கணக்கில் சரியில்லை.

எங்கள் காலத்தில் ஒன்று நன்றாக நடந்தது. மாவட்டக் கிடங்கில் ஓடுகிற நிலையில் ஒரு மாற்றுப் பெட்டி எப்போதும் தயாராக இருக்கும். பழுது என்றால் நிலையத்திலேயே மல்லுக்கட்டாமல் மாற்றுப் பெட்டியை இறக்கிவிட்டு, கெட்டதை ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிவருவோம். அங்கே நிதானமாக வேலை பார்க்கலாம். அதற்கு வேண்டியது ஒரு பெட்டி, ஒரு வண்டி, ஓர் ஆள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் முறை படுத்துவிடும். முதலில் குறைந்தது ஆள்தான்.

ஆள் எங்கே கிடைப்பான்? ஐ.டி.ஐ.யில் குளிர்பதன, ஏசி மெக்கானிக் தொழிற்பிரிவில் வருஷா வருஷம் பையன்கள் இரண்டு வருஷப் படிப்பு முடித்து வருகிறார்கள். கெட்டிக்காரப் பையன்கள். ஸ்பிளிட் ஏசியைக் கழற்றி மாட்டுவார்கள். ஐ.எல்.ஆரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இங்கே ஒரு சங்கதி இருக்கிறது, அதிகாரிகளுக்குச் சரியாக உறைக்காத சங்கதி: உள்ளே இருக்கும் வாயு மாறிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாப் பெட்டியிலும் ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அது படிப்படியாக ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 2010ஓடு முடிந்தது. அடுத்து ஆர்-134ஏ. ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். இப்போது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனின் கூடப்பிறந்தது. தீப்பிடிக்கும்.

பழைய பழக்கத்தில் குழாயில் டார்ச் வைத்து ஊதினால் ஆபத்து. ஜன்னலைத் திறந்து, வாயுவைப் பத்திரமாக வெளியேற்றி, நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்து, கட்டரால் அறுத்து, முடிந்தவரை நெருப்பில்லாத லாக்ரிங் இணைப்புப் போட வேண்டும். வாயுவை அளப்பதிலும் வித்தியாசம் உண்டு. டவுன் கடையில் கேஜில் அழுத்தம் பார்த்து, கையால் குளிரைத் தொட்டுப் பார்த்து கேஸ் ஏற்றுவார்கள். ஐசோபியூட்டேன் பெட்டிக்குள் போகும் அளவு சில பத்து கிராம்கள்தான். அதைத் தராசில் நிறுத்துத்தான் விட வேண்டும். இன்னொன்று, ஓடும்போது இதன் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகப் போகலாம். அங்கே கசிவு இருந்தால் வாயு வெளியே வராது. காற்றும் ஈரமும் உள்ளே போகும். சோப்பு நுரை போட்டுப் பார்த்தால் குமிழ் வராது. நல்ல மெக்கானிக்கே ஏமாறுவான்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தேற முடியாது. புனேயில் மத்திய அரசின் குளிர்சங்கிலிப் பயிற்சி மையம் இருக்கிறது, ஐ.எல்.ஆர்., வாக்-இன் கூலர் எல்லாவற்றையும் பிரித்து மாட்டச் சொல்லித்தருகிறார்கள். போய்வந்தவர்கள் தேறித்தான் வருகிறார்கள். பிரச்சினை, அனுப்ப ஆள் இல்லாததும், ஒப்பந்தத்தில் எடுத்த பையனை அனுப்பிவைத்து, அவன் கற்றுக்கொண்டு வந்ததும் வருஷம் முடிந்து வீட்டுக்கு அனுப்புவதும். அந்தப் பையன் கோடையில் ஏசி சர்வீஸுக்குப் போனால் அரசு தருவதைவிட அதிகம் சம்பாதிப்பான். போகத்தான் செய்வான். நானும் அந்த வயதில் இருந்தால் போவேன்.

நான் கேட்பது இவ்வளவுதான்: மாவட்டத்துக்கு ஒரு மெக்கானிக், நிரந்தரப் பணியில். அவர் கையில் ரிலே, தெர்மோஸ்டாட், ஃபேன் மோட்டார் வாங்க ஒரு சிறு முன்பணம். ஐ.டி.ஐ. பாடத்தில் ஒரு பழைய ஐ.எல்.ஆர்.; கழித்துப்போட்ட பெட்டிகள் கிடங்குகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன, அதில் ஒன்றைக் கொடுத்தால் போதும். இவை எவற்றுக்கும் வெளிநாட்டு உதவி தேவையில்லை.

மாதாந்திர ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை டோஸ் போட்டீர்கள், எத்தனை சதவீதம் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். கூடவே மூன்று தேதி கேட்கட்டும்: பழுது தெரிவித்த தேதி, ஆள் வந்த தேதி, பெட்டி மறுபடி ஓடிய தேதி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. தேசிய வழிகாட்டியிலேயே இந்தக் கணக்கு எழுதியிருக்கிறது. மாவட்டவாரியாக அதைச் செய்தித்தாளில் போடட்டும். எந்த மாவட்டத்தில் மெக்கானிக் பணியிடம் காலி என்று சட்டமன்றத்தில் தனியாகக் கேள்வி எழுப்ப வேண்டியிருக்காது.