ஸ்கேனில் ஒன்றுமில்லை, பிறகு ஏன் தலை சுற்றுகிறது?

இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வருவோர்க்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம். இரத்தக்கசிவு இல்லை என்றதும் குடும்பத்தார் நிம்மதியடைகின்றனர். பத்து நாள் கழித்து அதே நோயாளி தலைவலி, தலைசுற்றல், வெளிச்சத்தில் கண்கூச்சம், காரணமற்ற எரிச்சல் ஆகியவற்றுடன் திரும்பி வருகிறார். "ஒன்றுமில்லை என்றீர்களே, எல்லாம் மனப்பிரமைதானோ?" என்று உடன் வந்தவர் தாழ்ந்த குரலில் கேட்கிறார்.

பிரமையன்று. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு, மூளையின் செயல்பாட்டில் நேரும் குலைவு. வழக்கமான ஸ்கேனில் அது புலப்படாது. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்வு என்பதும் தவறு. பெரும்பாலோர்க்கு நினைவு தப்புவதேயில்லை. இதனை முதல் நாளே விளக்காமல் அனுப்புவது மருத்துவர்களாகிய எங்கள் குறையே.

அடிபட்டது தலையில், இயன்முறை மருத்துவம் எதற்கு என்று பலர் தயங்குகின்றனர். தலைசுற்றலின் காரணம் எப்போதும் மூளையாக இருப்பதில்லை. படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் அறையே சுழன்றால், உட்செவியிலுள்ள நுண்துகள்கள் இடம் பெயர்ந்திருக்கக்கூடும். தலையை முறைப்படி திருப்பும் சிகிச்சையில், பலருக்கு ஓரிரு அமர்வுகளிலேயே அது தணிகிறது. கழுத்துத் தசையும் மூட்டும் காயமுற்றிருந்தால் தலைவலி அங்கிருந்தே எழலாம். விரல் நுனியை மூக்கருகே கொண்டுவரும்போது வெகு தொலைவிலேயே அது இரண்டாகத் தெரிந்தால், படிக்கும்போது வரும் தலைவலிக்கு விடை கிடைக்கிறது. ஓடுபொறியில் படிப்படியாக நடக்கவைத்து, எந்த இதயத்துடிப்பளவில் தொல்லை கூடுகிறது என்று கண்டறிந்து, அதற்குச் சற்றுக் கீழே பயிற்சி வகுக்கிறோம்.

வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர் மாநாடும், முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, பின்னர் மெல்ல நடை என்றே பரிந்துரைத்தது. நடக்கையில் தலைவலி சிறிது கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் அஞ்ச வேண்டாம். விளையாட்டுக்கும் வாகனம் ஓட்டுவதற்கும் மட்டும் மருத்துவரின் அனுமதிக்குக் காத்திருங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, கடுமையாகிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் இரவென்று பாராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

மற்றவர்கள், எந்த அசைவில், எந்நேரத்தில், எவ்வளவு நேரம் தலை சுற்றுகிறது என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். எங்கள் பரிசோதனையில் பாதி அந்தத் தாளிலேயே முடிந்துவிடுகிறது.