ரசீதில்லாத கல்லாவும் மருத்துவரின் புலம்பலும்

நம்பி வைத்த ஊழியர் கல்லாவில் கைவைத்துவிட்டார் என்பது தனியார் மருத்துவர்களின் தீராத புலம்பல். தீர்வென்று உடனே கண்காணிப்புக் கேமரா மாட்டப்படுகிறது. கேமரா பணம் வாங்கும் கையைக் காட்டும். எழுதப்படாத ரசீதைக் காட்டாது.

சிறு கிளினிக்குகளில் கையாடலின் வழி மிக எளிது. டோக்கன் கொடுப்பவரே கட்டணம் வாங்குகிறார்; அவரே நோட்டில் எழுதுகிறார்; இரவில் அவரே எண்ணி ஒப்படைக்கிறார். அறுபது நோயாளிகளில் ஐவரின் பெயர் விடுபட்டால் கேட்பாரில்லை. மருத்துவர் அறியாத ‘சலுகை’ கணக்கில் ஏறுகிறது. காலாவதியென்று கழிக்கப்பட்ட மருந்து வெளியே விலைபோகிறது.

நம்பிக்கைத் துரோகக் குற்றத்திற்காகச் சிறை சென்றோரை ஆராய்ந்த அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, 1953இல் வெளியிட்ட நூலில் மூன்று கூறுகளைச் சுட்டினார்: வெளியே சொல்லவியலாத பண நெருக்கடி, வாய்ப்பு, தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளும் நியாயம். பின்னிரண்டையும் பல இடங்களில் முதலாளியே வழங்குகிறார். வரிக்கு அஞ்சி ரசீதின்றிப் பணம் வாங்கும் மருத்துவரைத் தினமும் காணும் ஊழியருக்கு, ‘ஐயாவே காட்டாத பணந்தானே’ என்ற நியாயம் போதும்.

வருமான வரி விதிகள், 1962இன் 6எஃப் விதி மருத்துவருக்கென்றே ‘3சி’ என்னும் அன்றாடப் பதிவேட்டை வகுத்தது: தேதி, நோயாளியின் பெயர், சிகிச்சையின் தன்மை, பெற்ற கட்டணம். வரித்துறையின் தொல்லையென்று ஒதுக்கப்பட்ட அந்த ஏடே கல்லாவுக்கு நல்ல பூட்டு.

ஊழியரின் நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவு 7 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. ஆயினும் எவ்வளவு போனதென்று எந்தக் கணக்கைக் காட்டிப் புகார் கொடுப்பது? ஆகவே கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுகிறார்கள்; அவர் அடுத்த தெருக் கிளினிக்கில் சேர்கிறார். கையாடியவர் தெரியாதபோதோ, பழி பெருக்கித் துடைக்கும் ஆயாவின் தலையில் விழுகிறது. குற்றமற்றவரென்று நிறுவவும் அவரிடம் ஏடில்லை.

செய்ய வேண்டியவை சில. பணம் வாங்குபவரும் கணக்கெழுதுபவரும் வேறுவேறாக இருக்கட்டும். வரிசையெண் அச்சிட்ட ரசீது ஒவ்வொரு நோயாளிக்கும் சேரட்டும். டோக்கன், மருத்துவரின் குறிப்பு, வரவு ஆகிய மூன்றின் எண்ணிக்கையும் அன்றிரவே ஒத்துப்பார்க்கப்படட்டும். சலுகைக்கு மருத்துவரின் கையொப்பம் வேண்டும். காசாளர் ஆண்டுக்கு இருவாரமேனும் விடுப்பில் செல்ல, அந்நாள்களில் வேறொருவர் கல்லாவைப் பார்க்கட்டும்.

இவை அனைத்திற்கும் முன்னதாக, மருத்துவர் தாம் வாங்கும் பணத்திற்கு ரசீது கொடுக்கட்டும். கணக்கை மறைப்பவருக்குக் கணக்குக் கேட்கும் தகுதி ஏது?